லினக்ஸ் என்பதா, குனு/லினக்ஸ் என்பதா?

ஒரே இயங்குதளத்தைச் சிலர் லினக்ஸ் என்கிறார்கள். சிலர் குனு/லினக்ஸ் என்று திருத்துகிறார்கள். ஏன் இந்தச் சண்டை?

கறாராகச் சொன்னால் லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும், அதாவது புரோசசரையும் நினைவகத்தையும் மற்ற நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் உட்பகுதி. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 1991-இல் வெளியிட்டார். ஆனால் 1983-இலேயே ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை, அதாவது எவரும் சுதந்திரமாகப் பயன்படுத்தி மாற்றக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை, அறிவித்துவிட்டார். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல், கோப்புகளைக் கையாளும் சின்னச் சின்னக் கட்டளைகள் எல்லாம் அங்கே தயாராகிவிட்டன. குனுவின் சொந்தக் கெர்னல் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. குனு கருவிகளும் லினக்ஸ் கெர்னலும் சேர்ந்ததும் முழு இயங்குதளம் கிடைத்தது. பெயரோ கடைசியாக வந்த கெர்னலுக்குப் போய்விட்டது.

பினாங்கில் கறியோடு சாப்பிடும் நாசி கண்டார் சோற்றையே பாருங்களேன். நாசி என்றால் சோறு. கண்டார், அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் பாத்திரங்களைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த தடி. பெயரில் சோறு இருக்கிறது, தடி இருக்கிறது, கறியைக் காணோம். நாம் வரிசையில் நிற்பதே கறிக்காகத்தானே! குனுக்காரர்களின் வருத்தமும் அதுதான்.

பேச்சில் லினக்ஸ் என்பதே போதும் என்பது என் கட்சி. ஆனால் வரலாறு எழுதும்போது குனுவை விடக்கூடாது. இப்படி இரண்டையும் சேர்த்துத் தரும் டெபியன் என்ற இயங்குதளம் இன்றும் தன்னை டெபியன் குனு/லினக்ஸ் என்றே சொல்கிறது. ஆண்ட்ராய்டு வேறு கதை: கெர்னல் லினக்ஸ்தான், குனு கருவிகள் கிடையாது.

அப்புறம், குனுவையும் லினக்ஸையும் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். அப்படியென்றால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். மலாய் மொழியில் சொன்னால் அது 'பெபாஸ்' (சுதந்திரம்), 'பெர்ச்சுமா' (இலவசம்) அல்ல.