ஊசல் கணக்கில் கொசைன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: 1 மீட்டர் கயிற்றில் தொங்கும் குண்டை 60° விலக்கி விட்டால், அடிப்புள்ளியில் அதன் வேகம் என்ன? விடையில் கொசைன் ஏன்?

படம் வரைந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கயிறு கட்டிய புள்ளியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போடுங்கள். விலகி நிற்கும் குண்டிலிருந்து அந்தக் கோட்டுக்குக் கிடையாக இன்னொரு கோடு. செங்கோண முக்கோணம் வந்துவிட்டதா? சாய்ந்த கயிறுதான் கர்ணம், 1 மீட்டர். செங்குத்துப் பக்கம் கொசைன் 60°, அதாவது 0.5 மீட்டர். கயிறு நேராகத் தொங்கும்போது குண்டு 1 மீட்டர் கீழே இருந்தது, இப்போது 0.5 மீட்டர்தான் கீழே இருக்கிறது. ஆக, குண்டு ஏறிய உயரம் 1 − 0.5 = 0.5 மீட்டர். பலர் சறுக்குவது இங்கேதான்: கொசைன் தருவது உயரத்தை அல்ல, மிச்சமிருக்கும் ஆழத்தை. அதனால்தான் அந்தக் கழித்தல்.

அப்புறம் எளிது. காற்றின் தடையை விட்டுவிட்டால், நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிறது. வேகம் = √(2 × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்) = √(2 × 9.8 × 0.5), அதாவது வினாடிக்குச் சுமார் 3.13 மீட்டர். குண்டின் எடை இதில் வரவே இல்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த கணக்கு. அடிப்புள்ளியில் கயிற்றின் இழுவிசை, குண்டின் எடையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. கயிறு எவ்வளவு நீளமானாலும் 60°க்கு இதே விடைதான், போட்டுப் பாருங்கள்.