மே, மைட், குட் (could): எது எத்தனை சதவீதம் நிச்சயம்?

கேள்வியில் ஓர் அட்டவணையைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் மஸ்ட் என்றால் 95 சதவீதம் நிச்சயம், மே என்றால் 50, மைட் என்றால் 30 என்று போட்டிருக்கிறதாம். அதை மனப்பாடம் செய்தால் வெள்ளைக்காரர்கள் பேசுவது புரிந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். புரியாது. மனப்பாடம் செய்யாமல் இருந்தால் ஒருவேளை புரியலாம். இங்கிலாந்து கிளையண்ட் உள்ள ப்ராஜெக்ட் ஒன்றில் இப்போதுதான் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கு இந்த அட்டவணை தேவைப்படப் போகிறது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆங்கில ஆசிரியை அல்ல. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இலக்கணம் படித்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். வேலையில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

நான் சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் இருந்தபோது எங்கள் கிளையண்ட் ஒரு இங்கிலாந்து இன்சூரன்ஸ் நிறுவனம். பாலிசி புதுப்பிக்கச் சொல்லி வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம்தான் எங்கள் மாட்யூல். அந்தப் பக்கம் வேலையை மேற்பார்த்தது ஓர் அம்மா. குரலை உயர்த்தியே கேட்டதில்லை. ரிலீஸுக்கு முந்தைய வாரம் அவரிடமிருந்து ஒரு மெயில். நாலு பாராவும் பாராட்டுதான். கடைசியில் ஒரு வரி, புதுப்பிக்கும் தேதிகளை இன்னொரு முறை பார்க்க நீங்கள் விரும்பலாம் என்று: 'யூ மைட் வாண்ட் டு டேக் அனதர் லுக் அட் த ரினியூவல் டேட்ஸ்.'

விஷயம் சின்னது. 03/04 என்று அச்சானால் இங்கிலாந்துக்காரருக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் ஓடும் சிஸ்டத்துக்கு மார்ச் 4. எங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து வந்துகொண்டிருந்தது.

நான் மேனேஜரிடம் போய், 'சார், இது ஆர்டர். இன்னைக்கே பாத்துடலாம்' என்றேன். அவர் மெயிலை மறுபடி படித்தார். 'மைட்னுதானே போட்டிருக்காங்கம்மா? சஜஷன். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்' என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது (கொஞ்சம் சொல்லலாம்). ஆதியில் அவர் நெட்வொர்க் ஆள். அந்த உலகத்தில் 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம் இந்தச் சொற்களுக்கு அளவெடுத்துப் பொருள் கொடுத்திருக்கிறது. மஸ்ட் என்றால் கட்டாயம். ஷுட் என்றால் நல்ல காரணம் இல்லாமல் மீறாதே. மே என்றால் உன் இஷ்டம். ஸ்பெக் (சிஸ்டம் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதிவைக்கும் விதிகள்) படிக்கும் கண்ணோடு மெயிலைப் படித்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த அம்மா எழுதியது ஸ்பெக் இல்லையே.

தேதியைத் தொடாமலே டெஸ்ட் பில்ட் (சோதித்துப் பார்க்கும் பதிப்பு) அவர்களுக்குப் போனது. இரண்டாவது மெயில் வந்தது: 'ஐ வுட் ஹாவ் தாட் திஸ் மைட் ஹாவ் பீன் பிக்டு அப் பை நவ்.' எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேனேஜர் முகமோ மலர்ந்தது. 'பாத்தியா, நாம ஏற்கெனவே சரி பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டாங்க' என்றார். ஐயா, அது திட்டு! இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன், அதுகூடச் செய்யவில்லையே என்று அர்த்தம். மறுநாள் அக்கவுண்ட் ஹெட்டுக்கு ஃபோன் போனது. வார இறுதி முழுக்க நானும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்து அத்தனை டெஸ்ட் கேஸையும் திரும்ப ஓட்டினோம். ராத்திரி கேப் வேறு வரவில்லை.

இதில் என்ன புரிகிறது என்றால், மைட்டும் குட்டும் இரண்டு வேலை பார்க்கின்றன. 'இட் மைட் ரெயின்' என்றால் சந்தேகம் மழையைப் பற்றி. 'யூ மைட் வாண்ட் டு' என்று உங்களைப் பார்த்துச் சொன்னால் அதில் சந்தேகமே கிடையாது. கட்டளை மூஞ்சியில் அடிக்காமல் இருக்கச் சுற்றிவைத்த துணி, அவ்வளவுதான். சொல்கிறவர் உங்களுக்கு மேலே இருக்கிறாரா, வேலையைச் செய்ய வேண்டியது நீங்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் சதவீதத்தை மறந்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். எல்லா ஆங்கிலேயர்களும் இப்படி என்று சொல்லவில்லை. முகத்துக்கு நேரே கத்துபவர்களும் உண்டு, அவர்களோடு வேலை செய்வது சுலபம்.

நமக்கு இது புரியாமல் போவதுதான் வேடிக்கை. நம்மூர் அரசு ஆபீஸ் ஆங்கிலக் கடிதங்களில் 'நெசஸரி ஆக்‌ஷன் மே ப்ளீஸ் பி டேக்கன்' என்று வரும். அந்த மேயை 50 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு ஃபைலை ஓரமாக வைக்கும் கிளார்க் யாராவது உண்டா?

சரி, நிஜமான சந்தேகத்தைச் சொல்லும்போதாவது சதவீதம் உதவுமா? 1951இல் சி.ஐ.ஏ. ஓர் அறிக்கை தயாரித்தது. அந்த வருடம் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்குமா என்பது விஷயம். 'சீரியஸ் பாஸிபிலிட்டி' என்று எழுதினார்கள். எவ்வளவு என்று ஓர் அதிகாரி கேட்டதற்கு, ஷெர்மன் கென்ட் என்ற மூத்த ஆய்வாளர் தாக்கும் வாய்ப்பு 65க்கு 35 என்றார். கேட்டவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தாராம். கென்ட் தன் குழுவையே விசாரித்தால் ஒருவர் 80க்கு 20 என்கிறார், இன்னொருவர் 20க்கு 80. எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிய ஒரே வாசகம் அது! 1964இல் அவரே இதைக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். கூடி உட்கார்ந்து எழுதியவர்களுக்கே இந்தக் கதி என்றால், உங்கள் அட்டவணையைப் போட்டவருக்கு எங்கிருந்து 30 கிடைத்தது?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருட அப்ரைசலில் எனக்கு 'கம்யூனிகேஷன் நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்' என்று எழுதினார்கள். மெயிலைச் சரியாகப் படித்தவளுக்கு! சரளமாகப் பேசத் தெரிந்த மேனேஜருக்கு ஆன்சைட், அதாவது கிளையண்ட் இடத்திலேயே வேலை. உச்சரிப்பைத்தான் இங்கே கம்யூனிகேஷன் என்கிறார்கள். எதிராளி என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்பதற்கு எந்த ஃபார்மிலும் கட்டம் கிடையாது. பொறாமையில் சொல்கிறேன் என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்குப் பதிலாக இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். 'இட் மைட் நாட் பி த சர்வர்' என்றால் சர்வராக இல்லாமலும் இருக்கலாம். 'இட் குடன்ட் பி த சர்வர்' என்றால் சர்வராக இருக்கவே முடியாது. நாளைக்கு மழை வரலாம் என்பதற்கு 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று எழுதாதீர்கள், குட் அல்லது மைட் போடுங்கள். டெவலப்பர் 'தட் ஷுட் வொர்க்' என்றால் அவர் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அப்புறம், 'யூ மைட் வாண்ட் டு' என்று வரும் மெயிலுக்கு நன்றி சொல்லி முடிக்காதீர்கள், என்றைக்கு முடித்துத் தருவீர்கள் என்று தேதியைப் போட்டு அனுப்புங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.