பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் நிறுவும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை வருகிறதே, ஏன்?

கேட்டவர் சொன்ன விவரம்: ஊர் குமுளி. பென்டியம் டூயல் கோர், ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். பள்ளியில் மகள் பழகும் லினக்ஸ் வீட்டிலும் வேண்டும் என்று லினக்ஸின் இலகுவான வகையான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டிருக்கிறார். முதல் தடவை கோப்புகள் நகலாகும்போது 'எர்னோ 5'. இரண்டாம் தடவை பாதியில் திரை உறைந்துவிட்டது. மூன்றாம் தடவை நிறுவி முடிந்தது, ஆனால் பென்டிரைவை எடுத்துவிட்டால் பூட் ஆகவில்லை.

மூன்றாவதை முதலில் பார்ப்போம், அதுதான் சுலபம். பென்டிரைவ் செருகியிருந்தால் மட்டும் பூட் ஆகிறது என்றால் கிரப் பூட்லோடர் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்) ஹார்ட் டிஸ்க்கில் போகாமல் பென்டிரைவில் போய் உட்கார்ந்திருக்கிறது. பழைய பயாஸ்கள் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும், மதர்போர்டில் இருக்கும் நிரல்) பூட் ஆகும் பென்டிரைவையே முதல் ஹார்ட் டிஸ்க்காகக் காட்டும். லினக்ஸோ டிஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் வரிசையில் பெயர் வைக்கும், அதனால் எஸ்டிஏ என்ற பெயர் சில சமயம் பென்டிரைவுக்குப் போய், ஹார்ட் டிஸ்க் எஸ்டிபி ஆகிவிடலாம். நிறுவும்போது பார்ட்டிஷன் திரையின் அடியில் பூட்லோடர் எங்கே போக வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். அங்கே பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். 160 ஜிபி எது என்று பார்த்து அதைக் கொடுங்கள். பார்ட்டிஷன் எண் சேர்ந்த பெயர் (எஸ்டிபி1 போல) வேண்டாம், முழு டிஸ்க்கின் பெயர்தான் வேண்டும். பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க் பிரிவுகளின் பட்டியல்) பழைய வகையான எம்பிஆர் ஆக இருக்கட்டும். புதிய வகையான ஜிபிடி போட்டால் கிரப்புக்கென்று 1 எம்பி தனிப் பார்ட்டிஷன் வேண்டும், அதன் பிறகும் சில பழைய பயாஸ் அடம்பிடிக்கும்.

மின்ட்டின் லைவ் திரையில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) இருக்கும் மெனுவிலேயே பூட் ரிப்பேர் இருக்கிறது, அதை வைத்து கிரப்பைச் சரிசெய்யவும் முடியும். ஆனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு தடவை தகராறு செய்த அதே மெஷினில்தான் மூன்றாம் தடவை நகலும் நடந்திருக்கிறது. அந்தக் கோப்புகளை நம்ப முடியாது. மெஷினைச் சோதித்துவிட்டுப் புதிதாகவே போடுங்கள்.

இப்போது அந்த முதல் இரண்டு. நின்ற இடத்தைக் குறித்து வைத்தீர்களா? எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் ஐஎஸ்ஓ கோப்போ (லினக்ஸை நிறுவ இறக்கும் கோப்பு), டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட பகுதியோ கெட்டிருக்கலாம். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம், கேபிள், சூடு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பக்கம்தான் சந்தேகம் போக வேண்டும். எர்னோ 5 என்பது படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அந்தப் பிழைப் பெட்டியைப் பொறுமையாகப் படித்தால் டிஸ்க் பழசா பாருங்கள், கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள் என்றெல்லாம் அதுவே எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

பென்டிரைவில் தொடங்குங்கள். இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் அடையாளம்) மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள், 64 எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் நிரலில் எழுதும்போது எம்பிஆர் தேர்வு செய்யுங்கள். சாதாரண முறையில் எழுதியது பூட் ஆகாவிட்டால் டிடி இமேஜ் முறையில் எழுதிப் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டில் செருகாதீர்கள், உள்ளே ஓடும் ஒயர் தளர்ந்திருந்தாலே படிப்பதில் பிழை வரும். மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்தான் சரி. பூட் மெனுவில் இன்டெக்ரிட்டி செக் இருக்கும், அதையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அடுத்து ரேம். அதே மெனுவில் மெமரி டெஸ்ட். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், குறைந்தது இரண்டு சுற்று முடியட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் தேறவில்லை என்றுதான் அர்த்தம். 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. ஆனால் உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். மழையும் மூடுபனியுமாக இருக்கும் உங்கள் ஊரில் ரேமின் தங்க நிறப் பற்களில் கறை படிவது சகஜம். மின்சாரத்தைத் துண்டித்து ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேயுங்கள். தூளைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிச் சோதியுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிழை ரேமோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு லைவ் திரையில் டிஸ்க்ஸ் நிரலைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) பாருங்கள். நான்கு வரிகள் போதும், அவற்றின் எண்கள்: 5, 197, 198, 199. 197, 198 வரிகளின் மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் டிஸ்க்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன, அதில் நிறுவுவது வீண் வேலை. 5 என்ற வரியின் மதிப்பு சிறிய எண்ணாக அப்படியே நின்றால் பொறுக்கலாம், ஏறிக்கொண்டே போனால் ஆகாது. 199 வரியின் மதிப்பு மட்டும் அதிகமாக இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அது சாட்டா கேபிள் பற்றிய கணக்கு. கேபிளை மாற்றினாலும் அந்த எண் குறையாது. குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். டிஸ்க் போய்விட்டதென்றால் கம்பத்திலோ தேனியிலோ 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். இந்த போர்டில் அதன் முழு வேகம் வராது, ஆனாலும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வேறு மெஷின் போல இருக்கும்.

சூடும் மின்சாரமும் பயாஸில் தெரியும். சும்மா இருக்கும்போதே பிராசசர் 70 டிகிரியைத் தொட்டால் காய்ந்த பேஸ்ட்டை மாற்றுங்கள். ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் அழுத்திப் பாருங்கள். இந்த வகை போர்டில் ஒரு ஊசி கிளம்பி நிற்பது மிகச் சாதாரணம். 12 வோல்ட் வரி 11.4க்குக் கீழே காட்டினால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகப்படலாம். பிராசசர் பக்கத்தில் மேல்புறம் உப்பிய கெப்பாசிட்டர் கண்ணில் பட்டால் போர்டுக்கே ஆயுள் குறைவு. ஐப்பசி இடி காலத்தில் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கி வைப்பது உங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடிகாரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் தேதி பின்னால் போகிறது என்றால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அது இல்லாமல் பூட் வரிசை அழிந்துபோகும், தேதி தவறாக இருப்பதால் அப்டேட்டும் மறுக்கும். சிலர் இதையும் லினக்ஸ் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் சுத்தம் என்றால், உறைந்ததற்கு 2 ஜிபி ரேமே காரணமாக இருக்கலாம். மின்ட் கேட்கும் குறைந்தபட்சமே அதுதான். நிறுவும்போது பிரவுசரைத் திறக்காதீர்கள், நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள், 2 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷனை (ரேம் நிரம்பினால் டிஸ்க்கில் பயன்படும் இடம்) முதலிலேயே போட்டுவிடுங்கள். டிடிஆர்2 2 ஜிபி இன்னொன்று பழைய சரக்கில் கிடைத்தால் விடாதீர்கள். ஜி31 போர்டு மொத்தம் 4 ஜிபி வரை ஏற்கும்.

பள்ளியில் இருப்பது கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ், உபுண்டு 22.04 அடிப்படையிலானது. உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பே 4 ஜிபி கேட்கும். அதனால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டது நல்ல முடிவு. ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றும் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கும். இரண்டாவது ரேம் வரும்வரை ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கச் சொல்லுங்கள்.