629001 பகா எண்ணா?

கேள்வி: நாகர்கோவில் பின்கோடு 629001 பகா எண்தானே என்று என் மகள் கேட்கிறாள். ஒற்றைப்படை, 5-லும் முடியவில்லை. கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: இல்லைங்க. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 18 வருகிறது, அதனால் 9-ஆல் வகுபடும். வகுத்தால் மிஞ்சுவது 69889. இதுதான் கொஞ்சம் அழுத்தக்காரன். 7-ஆல் வகுத்தால் 1 மீதி, 13-ஆல் வகுத்தாலும் அதே 1 மீதி, இப்படியே ஒவ்வொரு பகா எண்ணாகப் போட்டுக்கொண்டே போனால் 43 வரைக்கும் எதுவும் சரியாகப் போகாது, அலுத்துப்போய் பேனாவை மூடிவிடத் தோன்றும். 47-ல் விழுந்துவிடும்: 47 × 1487.

சரி, 1487? இங்கே புதிதாக ஒரு வகுத்தலும் வேண்டாம். அதற்குக் காரணி இருந்தால் அதில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது, அதாவது 39-க்குள் இருந்தாக வேண்டும். அந்தச் சின்ன எண்கள் எல்லாம்தான் 69889-இடம் ஏற்கெனவே தோற்றுவிட்டனவே! ஆக 1487 பகா எண். மொத்தத்தில் 629001 = 3 × 3 × 47 × 1487.

அப்புறம், மகளுக்கு இன்னொன்று. நம்ம மாவட்டத்துப் பின்கோடு தொடங்கும் 629-ஐ இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள்: 629629. பார்க்கப் பூதம் மாதிரி இருக்கும், ஆனால் அது 629 × 1001 தான். 1001 என்பது 7 × 11 × 13, 629 என்பது 17 × 37. எந்த மூன்று இலக்க எண்ணை இப்படி இரட்டித்தாலும் 7, 11, 13 மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். கன்னியாகுமரியின் 629702-ஐ அவளே உடைத்துப் பார்க்கட்டும், முதல் காரணி 2 என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும்.