கத்திரி வெயிலும் தொடை இடுக்கும்

அன்புள்ள டாக்டருக்கு,

சென்னையில் உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். வயது 31. கத்திரி வெயில் வந்தால் தொடை இடுக்கில் அரிப்பு, நீர்க்கடுப்பு இரண்டும் சேர்ந்து வரும். உடம்புச் சூடு என்கிறார் அம்மா. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்பிவிடுகிறது. இந்த முறை மழைக்காலத்திலும் போகவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. இந்தச் சூட்டால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் சேர்ந்து வந்தாலும் வேறு வேறு சங்கதி. கடுப்பை முதலில் முடித்துவிடுவோம். வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறது. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரையும் குறைத்திருப்பீர்கள். சிறுநீர் அடர்ந்து எரிகிறது. அம்மாவின் நீர்மோர் இதற்கு நல்ல வைத்தியம்தான். இரண்டு நாளில் குறையாவிட்டாலோ, குளிர்காய்ச்சல், சீழ்க் கசிவு இருந்தாலோ கிருமித்தொற்றாக இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும்.

அரிப்புதான் பெரிய விஷயம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் படர்தாமரை. அந்தப் பூஞ்சைக்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். சித்திரையில் பைக் சீட்டும் ஜீன்ஸும் வியர்வையும் அதைக் கொடுக்கின்றன. ஐப்பசியில் நனைந்த பேன்ட்டும் சரியாகக் காயாத ஜட்டியும். ஆனால் பருவம் மாறியும் அது போகாததற்கு வெயிலைவிட உங்கள் க்ரீம் மேல்தான் எனக்குச் சந்தேகம். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், பூஞ்சை பாட்டுக்குப் பரவும். தோலும் மெலிந்து வரி விழும். இத்தகைய க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு ஆணை வந்துவிட்டது. வந்து என்ன, 'அரிப்புக்கு ஒண்ணு குடுங்க' என்றால் இன்றும் கையில் கிடைக்கிறது.

தோல் மருத்துவரைப் பாருங்கள். ட்யூபையும் எடுத்துப் போங்கள். க்ரீமை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடலாம். பயந்து மறுபடி அதையே தடவாதீர்கள். பூஞ்சை மருந்தைப் படை மறைந்த பிறகும் அவர் சொல்லும் வரை தொடருங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், துண்டைப் பொதுவாக வைக்கக் கூடாது. ஆண்குறியின் நுனித்தோல் அடிக்கடி சிவந்து வெடிக்கிறதென்றால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள், 31 வயதானாலும்.

அப்புறம் குழந்தை. படர்தாமரை தோலோடு நின்றுவிடும், விந்தணுவைத் தொடாது. விதைப்பை உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டிய இடம் என்பது உண்மை. ஆனால் நான் கவலைப்படுவது வெயிலுக்கு அல்ல, காய்ச்சலுக்கு. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். மழைக்கால டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்துபோனால் அடுத்த இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை குறைந்து, பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். அண்மையில் அப்படி ஏதும் வந்திருந்தால், விந்துப் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து எடுங்கள்.