வேகம் பிய்த்ததா, மழுங்கிய டிரில் பிய்த்ததா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். விமானப் பாகங்களுக்கான கார்பன் ஃபைபர் எபாக்ஸி தகட்டில் துளை போடுவது என் தலைப்பு. 4 மி.மீ. தகடு, 6 மி.மீ. கார்பைடு டிரில், டாகுச்சி எல்27 அட்டவணை (எந்தச் சோதனையில் எந்த அளவு என்று வகுத்துத் தரும் 27 சோதனைப் பட்டியல்). 27 துளையும் போட்டாயிற்று. ஸ்பிண்டில் வேகம் (டிரில் சுழலும் வேகம்) கூடக்கூட அடிப்பக்கம் அதிகமாகப் பிய்கிறது என்று வருகிறது. நான் படித்த கட்டுரைகள் பலவும் ஃபீடைத்தான் (ஒரு சுற்றுக்கு டிரில் உள்ளே இறங்கும் அளவு) குற்றம் சொல்கின்றன. கைடு, “வந்ததை எழுதுங்கள்” என்கிறார். எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 27 துளைக்கும் ஒரே டிரில்லா? அட்டவணையில் இருந்த வரிசையிலேயே போட்டீர்களா? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் இரண்டுக்கும் ஆமாம் என்பீர்கள் என்றே நினைக்கிறேன். நானும் முதல் வருஷம் அப்படித்தான் போட்டேன்.

எல்27 அட்டவணையின் முதல் நெடுவரிசையைப் பாருங்கள். முதல் 9 சோதனைக்கும் நிலை 1, அடுத்த 9-க்கு நிலை 2, கடைசி 9-க்கு நிலை 3. அந்த இடத்தில் பெரும்பாலும் வேகத்தைத்தான் எழுதுவோம். ஆக, குறைந்த வேகத் துளைகள் எல்லாம் புது டிரில்லில் விழுந்தன, அதிக வேகத் துளைகள் எல்லாம் தேய்ந்த டிரில்லில். கார்பன் ஃபைபர் உப்புத்தாள் மாதிரி. வெட்டு விளிம்பைத் தேய்த்து உருட்டிவிடும். விளிம்பு உருண்டால் த்ரஸ்ட் விசை, அதாவது டிரில் கீழே அமுக்கும் விசை, ஏறும். அந்தப் பழி உங்கள் கணக்கில் வேகத்தின் தலையில் விழுந்திருக்கலாம். எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் அனோவா என்ற புள்ளியியல் கணக்குக்கு இது தெரியாது. கொடுத்த எண்ணை வைத்துச் சதவீதம் போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதே பழைய டிரில்லை மாட்டி, முதல் சோதனையின் வேகம், ஃபீடிலேயே இன்னொரு துளை போடுங்கள். முதல் துளை சுத்தமாக இருந்து இது பிய்ந்தால் சந்தேகம் தீர்ந்தது.

சரி, அடிப்பக்கம் ஏன் பிய்கிறது? இங்கேதான் உங்கள் ஆய்வுக்கான சரக்கு இருக்கிறது. அடுக்கு ஒன்று 0.125 மி.மீ. என்றால் உங்கள் தகட்டில் 32 அடுக்குகள். டிரில் கீழே இறங்க இறங்க, அதைத் தாங்கும் வெட்டுப்படாத பகுதி மெலிகிறது. ஹோசெங், தரன் என்ற ஆய்வாளர்கள் 1990-இல் கொடுத்த கணக்கு மாதிரியின்படி, அடுக்கைப் பிரிக்கப் போதுமான விசை, மிச்சமுள்ள தடிமனின் 1.5 படிக்கு (பவர்) ஏற்ப மாறும். நான்கு அடுக்கு மிச்சமிருக்கும்போது தாங்கும் விசையில் எட்டில் ஒரு பங்குதான் கடைசி அடுக்கு தாங்கும். டிரில் நுனியின் நடுவில் இருக்கும் சிசல் எட்ஜ் வெட்டுவதைவிட அமுக்குவதே அதிகம். அந்த அமுக்கல் கடைசி அடுக்குகளை ரெசினிலிருந்து (இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பிசின், இங்கே எபாக்ஸி) பிரித்துத் தள்ளிவிடுகிறது. ஃபீடைக் குறைத்தாலும், சிறிய பைலட் துளை முதலில் போட்டாலும், பின்னால் பலகை முட்டுக் கொடுத்தாலும் பிய்வது குறைவது இதனால்தான். ஆனால் பலகையை மட்டும் நம்பி ஆய்வை முடிக்காதீர்கள். விமானம் கோக்கும்போது பல இடங்களில் பின்பக்கம் கையே போகாது. போயிங் 787-இன் எடையில் பாதி இந்த மாதிரிக் கலப்புப் பொருள்தான் (காம்போசிட்). எத்தனை துளை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் மறுபடி போடும்போது சோதனை வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் குறைந்தது மூன்று துளை. சில துளைக்கு ஒருமுறை டிரில்லை நுண்ணோக்கியில் வைத்து விளிம்பின் ஆரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைடு சம்மதித்தால் அந்தத் தேய்மானத்தையே ஆய்வின் மையமாக்குங்கள். ‘சிறந்த வேகம் இது, சிறந்த ஃபீடு இது’ என்று முடியும் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன, எனக்கு அவற்றில் பெரிய மரியாதை இல்லை. எந்த அளவு தேய்மானத்தில் கடைசி அடுக்கு கைவிடுகிறது, ஏன் என்று சொன்னால் வைவாவில் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

பிய்ந்ததை அளக்க, பிய்ந்த பகுதியின் பெரிய விட்டத்தைத் துளை விட்டத்தால் வகுக்கும் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். ஒரே ஒரு நீளக் கீறலும், சுற்றிலும் பிய்ந்த வளையமும் அதில் ஒரே மதிப்பு வாங்கும். பிய்ந்த பரப்பையும் கணக்கெடுங்கள். படம் எடுக்குமுன் அடிப்பக்கக் கடைசி அடுக்கின் இழை போகும் திசையை மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்; ஒரே திசை இழை என்றால் பிசிறு எதிரெதிரே இரண்டு இடத்தில் நிற்பது தெரியும்.

காசிமேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். ஃபைபர் படகு வேலை நடக்கும் இடத்தில் வெட்டுத்துண்டு கிடைத்தால் கை பழகிக்கொள்ள வாங்கிக்கொள்ளலாம். அது கண்ணாடி இழை, பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். அந்த எண்கள் ஆய்வேட்டுக்குள் வரக்கூடாது. அப்புறம் நம் பக்கத்துக் கடல் ஈரம். எபாக்ஸி ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் இளகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கும். தகடுகளை சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பையில் வையுங்கள்.

கடைசியாக, தூள். ஏர் கன்னால் ஊதவே ஊதாதீர்கள், வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள். கார்பன் தூள் மின்சாரம் கடத்தும். நான் வேலை பார்த்த ஒரு ஆய்வகத்தில் சிஎன்சி (கணினி இயக்கும் எந்திரம்) கன்ட்ரோல் போர்டு ஷார்ட் ஆகி ஒன்றரை மாதம் எந்திரம் படுத்துக் கிடந்தது. ஊதியது நான்தான்.