உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியச் சங்கச் செயலாளர் பொறுப்பு, எல்லாம் என் தலையில். டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் வேறு. மகள் பிளஸ் டூ. பக்கவாதம் வந்த அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. ‘முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்’ என்ற வசனப்படி சபை வேலைக்குத்தான் முதலிடம் கொடுக்கிறேன். ஆனாலும் சமாதானம் இல்லை. இயேசு வீட்டுக்கு வந்திருந்தபோதும் வேலையிலேயே மூழ்கிக் கிடந்த மார்த்தாள் போல நானும் ஆகிவிட்டேனா? நேர அட்டவணை போட்டுப் பார்க்கலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சி,

மார்த்தாளை விட்டுவிடுங்கள். களைத்துப்போன பெண்களை அந்தப் பெயரால் குத்துவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. அட்டவணை உங்கள் இஷ்டம். மகள் படித்துக்கொள்வாள், வீட்டில் கொஞ்சம் சத்தம் குறைந்தால் போதும்.

கொஞ்ச நாளாக மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். கப்பர்நகூமில் பொழுது சாய்ந்ததும் ஊரே நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு சீமோன் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆண்டவர் இயேசு அநேகரைச் சுகமாக்குகிறார். மறுநாள் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போகிறார். பிரசங்கம் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 35ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுவார்கள். ‘அதிகாலையில் எழும்புங்கள்’ என்பார்கள், நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். 38 வரைக்கும் போங்கள். சீமோன் தேடிப் பிடித்து, ‘உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்’ என்கிறான். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், ‘இதற்காகவே புறப்பட்டுவந்தேன்’ என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார். தேடியவர்களில் ஒரு காய்ச்சல்காரராவது இல்லாமலா இருந்திருப்பார்? தேவை நிஜம். தீர்க்க அவரால் முடியும். கூப்பிடுகிறவனோ சொந்தச் சீஷன். அப்படியும் அவர் திரும்பிப் போகவில்லை.

உங்களைத் தேடி யார் வந்தாலும் அது கர்த்தர் கூப்பிடுகிற சத்தம் என்று நினைக்கிறீர்கள். இல்லை, தங்கச்சி. பல நேரம் அது சீமோனின் சத்தம்தான். எருசலேமில் இருந்த ஆதிச் சபையில் விதவைகளுக்குப் பந்தி பரிமாறுவதில் குறை வந்தபோது அப்போஸ்தலர்கள் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. தாங்களே கரண்டியைப் பிடிக்கவும் இல்லை. ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேரை நியமித்தார்கள்.

அப்படியானால் அப்பாவையும் யாரிடமாவது விடலாமே என்று கேட்டுவிடாதீர்கள். சிலுவையில் தொங்குகிற வேளையிலும் தன் தாயை யார் வீட்டில் சேர்ப்பது என்று பார்த்தவர் அவர். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு ஏழில் அவர் கண்டித்ததை வாசித்துப் பாருங்கள். தேவனுடைய ராஜ்யமும் உங்கள் சபைச் சேகரமும் ஒன்றல்ல. இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு வரி! அதிலும் ‘அப்பாவும்’. சமாதானம் ஏன் இல்லை என்று என்னிடம் கேட்கிறீர்களே!

எங்கள் ஆச்சி படுக்கையில் விழுந்தபோது அம்மாதான் ஊர்ச் சபையில் பெண்கள் சங்கத் தலைவி. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குச் சில வாரமே இருந்தது. அம்மா கணக்கு நோட்டையும் பீரோ சாவியையும் பக்கத்துத் தெரு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ‘பின்வாங்கிப் போய்விட்டாள்’ என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். சபைப் போதகரான ஐயரும் வீட்டுக்கு வந்து கேட்டார். ஆச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அம்மா எழும்பக்கூட இல்லை. “ஐயா, அசனத்துக்கு நான் இல்லேன்னா இன்னொருத்தி வருவா. இவுகளுக்கு நான் ஒருத்திதான்” என்றாள். ஐயர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அந்த வருஷம் சோறு குழைந்துதான் போயிருந்தது. ஊரே சாப்பிட்டது. அந்த அக்கா பிறகு எத்தனையோ வருஷம் சங்கத்தை அருமையாக நடத்தினாள். அம்மா சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே சபைக்குத் தெரிந்திருக்காது.

உங்களுக்கு அடுத்தபடி யாரும் இல்லை என்று நினைக்கிறீர்களா? பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கிற சின்னப் பெண்களிடம் என்றைக்காவது கேட்டீர்களா? ஓய்வுநாள் பள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உங்களுக்குப் பழகியவர்கள், ஞாயிறு காலை ஒரு மணி நேரந்தான். சங்கத்தையும் பாடகர் குழுவையும் இந்த வாரமே ஐயரிடம் ஒப்படையுங்கள். கேரல் ரவுண்ட்ஸுக்கு இந்த வருஷம் நீங்கள் போக வேண்டாம். குழுவை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.